புதுசு என்று எழுதிய கை

சாந்தோமில் குடியிருக்கும் அகஸ்டினுக்கு ஐம்பத்து நான்கு வயது. அடையாறில் அலுவலகம் வைத்து, கடல்நீர் ஆய்வுக்குப் படகு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்தொரு வருடமாக மெக்கானிக். துறைமுகத்தில் நிற்கும் அந்தப் படகுக்கு இரண்டு இன்ஜின். பின்பக்கம் தண்ணீரில் இறங்கும், விசிறி பூட்டிய இரண்டு டிரைவும் சேர்ந்தாற்போல் திரும்ப, நடுவில் ஒரு தண்டு இருக்கும். அதன் முனைகளில் நட்டு, நட்டு கழலாமலிருக்க ஒரு சின்ன பின். உப்பு அரித்துவிடும் என்பதால் கழற்றும்போதெல்லாம் புதுப் பின்தான் போட வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அவர் தண்டைக் கழற்றிக் கிரீஸ் வைத்து முடித்தபோது ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அரை மணி நேரம் காத்திருக்க அகஸ்டினுக்கு மனமில்லை. பழைய பின்னையே நிமிர்த்திச் செருகினார். செக்லிஸ்டில் ‘புதுசு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, நடுக்கடலில் நட்டு கழன்று தண்டு விழுந்தது. டிரைவ்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் படகு சுழன்றது. ஆய்வுக்குப் போன கீர்த்தி என்ற பெண் தூக்கியெறியப்பட்டதில் மணிக்கட்டு முறிந்தது.

விசாரணையில் மேனேஜர் ராஜகோபாலன், படகோட்டி ஹபீபுர் ரஹ்மானிடம் சொன்னார்: “அகஸ்டின் கை வெச்ச வேலையில குறை இருக்காது. நீங்கதான் எதுலயோ இடிச்சிருக்கீங்க.”

“எதுலயும் இடிக்கல சார்.”

ஹபீப் அகஸ்டினைப் பார்த்தார். அகஸ்டின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹபீபை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு, மாதா கோயிலில் வழக்கமாக பைபிள் வாசகம் வாசிக்கும் அகஸ்டின் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். விசாரணை முடிந்த பதினோராம் நாள் மனைவி கிளாடிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“இத்தனை நாளா அந்த மனுஷன் வீட்ல உக்காந்திருக்கார்,” என்றாள் அவள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அகஸ்டினுக்கு.

மறுநாள் காலை ராஜகோபாலனிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, சைதாப்பேட்டையில் ஹபீப் வீட்டுக்குப் போனார்.

“தெரியும்ண்ணே,” என்றார் ஹபீப். “அன்னிக்கு நீ தலையே தூக்கல பாரு, அப்பவே தெரிஞ்சிக்கினேன். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

“மன்னிச்சிரு ஹபீபு.”

“என்னாண்ட வேணாம். ‘அத்தா, நீதான் போட்டை இடிச்சியா’ன்னு என் பொண்ணு கேட்டுச்சு. அதுங்கிட்ட சொல்லு.”

ஏழாவது படிக்கும் பெண் வந்து வாசலில் நின்றாள்.

“தப்பு உங்க அத்தா பண்ணலம்மா. நான் பண்ணேன்.”

“அப்ப ஏன் அங்கிள் இவ்ளோ நாள் சொல்லல?”

அகஸ்டின் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

திங்கட்கிழமை ஹபீப் வேலைக்குத் திரும்பினார். அகஸ்டினிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறார். கம்பெனி அகஸ்டினை வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்துப் போடும் பொறுப்பை மட்டும், அவரைவிடப் பதினைந்து வயது இளைய மெக்கானிக் குருபிரசாத்திடம் கொடுத்துவிட்டது. குருபிரசாத் டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து முடிக்கும்வரை அகஸ்டின் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார்.