மணி காட்டாத கடிகாரம்

மாப்பிள்ளை பெங்களூரில் கிளாக் செய்கிறார் என்று தரகர் சொன்னதில்தான் எல்லாக் கூத்தும் ஆரம்பித்தது.

எழுபதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த என் அப்பாவுக்குக் கிளாக் என்றால் ஒன்றுதான். சுவரில் தொங்கும், பெண்டுலம் ஆடும், மணி அடிக்கும். "எஞ்சினியருன்னு சொன்னீரு, இப்ப வாட்ச் ரிப்பேருங்கிறீரு. எம்பொண்ணு பிஸிக்ஸ் படிச்சவய்யா!" என்று பாய்ந்தார்.

"அண்ணாச்சி, அது வேற கிளாக்கு. கரண்டுல ஓடுறது" என்றார் தரகர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, பாவம்.

எனக்குத் தெரியும். மின்சுற்றுகள் ஓடுவதற்குச் சீரான துடிப்பு ஒன்று வேண்டும், அதற்கும் கிளாக் என்றுதான் பெயர் என்று கல்லூரியில் படித்திருந்தேன். என்னிடம் யார் கேட்டார்கள்? இந்த இடம் தட்டிப்போனால் அடுத்தது விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீடு. அவர்கள் பெண் பார்க்க வந்தபோதே, "படிச்சதெல்லாம் போதும், இனி பொஸ்தகத்தைக் கட்டி வச்சிரணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வத்தலைக் கண்டாலே எரிந்தது.

மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கேசரியும் காராச்சேவும் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அலமாரியில் இருந்த என் பாடப் புத்தகங்களைப் பார்த்தார். போதும், எனக்குப் பிடித்துவிட்டது! புத்தகத்தை இப்படிப் பார்க்கிறவர் கட்டி வைக்கச் சொல்ல மாட்டார்.

அப்பா சும்மா இருந்தாரா? கட்டுப்போட்ட காலை நொண்டிக்கொண்டே போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து அவர் மடியில் வைத்தார். திருப்புளியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்திருக்கிறார்! "தம்பி, இது தினமும் பின்னால போகுது. மில்லுச் சங்கு வச்சுத்தான் திருத்திக்கிட்டு கெடக்கோம். செத்த பாருங்க."

"சார், நான் செய்றது இந்தக் கிளாக்கு இல்ல..." என்று இழுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புளியை வாங்கிக்கொண்டார். முறுக்கிய சுருள்வில்லைத் தளர்த்தாமலே திருகாணியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, கடிகாரத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று. சர்ரென்று ஒரு சத்தம். வில் பிய்த்துக்கொண்டு வெளியே வர, பல்சக்கரம் ஒன்று எகிறிப் போய்க் கேசரியில் விழுந்தது.

தரகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "சரி தம்பி, சாப்பிடுங்க. சொல்லி அனுப்புறோம்" என்றார் அப்பா. சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வத்தல் நெடி எனக்கு அப்போதே மூக்கில் ஏறியது. வருவது வரட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுவிட்டேன். "நீங்க செய்ற கிளாக்கு செகண்டுக்கு எத்தன தடவ அடிக்கும்?"

அம்மா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கோடி தடவ" என்றார் அவர், மடியில் சக்கரங்களோடு.

"கோடியா!" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மணி காட்டுமா?"

"காட்டாது."

"பெறகு எதுக்கு அது?"

அந்த நேரம் வெளியே கடை வாசலில் லாரிக்கு நூல் சிப்பம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "ஏலேலோ" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "ஐலசா" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அந்தக் கொரல்தான் மாமா நான் செய்றது. கரண்டுல ஓடுற பெட்டிக்குள்ள எத்தனையோ பாகம் இருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல தூக்கணும். ஓரத்துல நிக்கிறவனுக்குக் கொரல் செத்த பிந்திக் கேட்டாலும் சிப்பம் சாஞ்சிரும். அதனால கம்பியக்கூட ஒரே நீளமா வெட்டுவோம். கொரல் குடுக்கிறது குவார்ட்ஸ்னு ஒரு கல்லு, அதுல ஒரு சின்னச் சில்லு. சூடு கூடுனாலும் கொறஞ்சாலும் அது வேகம் மாறிரும். அதுக்குன்னே குட்டியா ஒரு அடுப்புப் பெட்டி செஞ்சு ஒரே சூட்டுல வச்சிருப்போம்."

கல்லைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தன் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் குரல் பிந்திச் சிப்பம் சாய்ந்து, அவர் பெருவிரல் நசுங்கியிருந்தது. "வாஸ்தவந்தான் தம்பி. கொரல் பிந்துனா போச்சு" என்றார்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அது சரி, மாமான்னு சொன்னீகளே, எந்த மொறையில?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தலை கடிகாரத்துக்குள்ளேயே போய்விடும்போல் குனிந்தது. நான் அடுக்களைக்குள் ஓடிப்போய், அம்மா கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தேன்.

தை மாதம் கல்யாணம். பெங்களூரில் நான் மேலே படித்தேன். கடிகாரம் மட்டும் பிழைக்கவில்லை. கேசரியில் விழுந்த சக்கரத்தைக் கழுவி உள்ளே போட்டு, அப்பா அதை மறுபடி சுவரில் மாட்டிவிட்டார். ஓடாத கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா புலம்பாத நாள் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரரும், "மாமா, தெரிஞ்ச ஆளா பாத்து ரிப்பேருக்குக் குடுத்துருவோம்" என்பார்.

"மணி பாக்கத்தான் சங்கு ஊதுதுல்ல, அது கெடக்கட்டும் மாப்ள" என்பார் அப்பா. "அது நின்ன நேரந்தான் எம்பொண்ணுக்கு நல்ல நேரம்."