மாமியாரின் கிருமியும் மருமகளின் அடிமட்டமும்

என் மாமியாரின் சிறுநீரில் வளர்ந்த கிருமியை முதலில் பார்த்தவள் நான்தான். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு அதுதான் வேலை. வட்டத் தட்டில் ஜெலி போல உறைந்திருக்கும் கிருமிகளுக்கான உணவின் மேல் நோயாளியின் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் காலையில் எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் தெரிகிறதோ, அந்த மருந்துக்கு அது அடங்கும். வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டர் கோடு போட்ட அடிமட்டத்தால் அளப்போம். குறித்த அளவை எட்டாவிட்டால் அந்த மருந்து அவுட்.

மாமியார் தெல்தோட்டையிலிருந்து குளிர்காய்ச்சலோடு வந்து வார்டில் படுத்திருந்தார். நீரிழிவு வேறு. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாமியாரின் கவலை அதுவல்ல. ஊசி என்றால் வார்டிலேயே கிடந்து வார்டுச் சோற்றைத் தின்ன வேண்டும், மாத்திரை என்றால் வீட்டுக்குப் போகலாம். இதற்கு அவர் கண்டுபிடித்த வழி நான்.

"எங்க மருமக லெப்லதானே இருக்கா. மாத்திர வர்ற மாதிரி போட்டுருவா" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்திருக்கிறார். தண்ணீர்க் குழாய் முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை ஆள் பிடித்தே காரியம் பார்த்தவர். கிருமியையும் ஆள் பிடித்துச் சரிக்கட்டலாம் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை.

தூது வந்தவர் என் கணவர். "அம்மா சொல்றத கொஞ்சம் பாத்து செய்யேன்" என்றார் போனில்.

"கிருமிக்கிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"ஒனக்குத் தெரியாததா."

இவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்.

மறுநாள் காலை தட்டை எடுத்துப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏறக்குறைய எல்லா வில்லைகளின் ஓரம் வரைக்கும் கிருமி வளர்ந்திருந்தது. யார் சொன்னாலும் கேட்காதது, எதற்கும் அசையாதது; குடும்பக் குணம். பிறகுதான் அது யாருடைய உடம்புக்குள் இருக்கிறது என்பது உறைத்தது, சிரிப்பு நின்றது. ஊசி மருந்து ஒன்றைச் சுற்றி மட்டும் பெரிய வட்டம் இருந்தது. மாத்திரை ஒன்றுக்குச் சின்னதாக ஒன்று, அளவுக்கு ஒரு மயிரிழை குறைவு. மூன்று முறை அளந்தேன். தலையைச் சாய்த்தும் ஒரு கண்ணை மூடியும் பார்த்தேன். வட்டம் பெரிதாகவில்லை.

அந்தக் கிருமி சும்மா முரடாகவில்லை. நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் மாமியார் பாமசியில் கேட்டு மாத்திரை வாங்குவார், எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். "மருந்து சூடு, ஒடம்பு காஞ்சு போவும்" என்று கொத்தமல்லி அவித்துக் குடிப்பார். மிச்சம் அடுத்த தடவைக்காக அலுமாரிக்குள் போகும். சாகாத அளவுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அவரே பழக்கியெடுத்த கிருமி அது.

என் பின்னால் பொறுப்பாளர் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"ஆற்ற தட்டு?"

"எங்க மாமியாரோடது, மெடம்."

"அப்ப நீர் தள்ளி நில்லும். நான் அளக்கிறன்." அளந்தார். "ஓம், காணாது. குளிசை சரிவராது. ஊசிதான்."

"கொஞ்சம்தானே மெடம் கொறையுது" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"கிருமிக்கு உம்மட மாமியாரைத் தெரியாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்.

மத்தியானம் நான் வார்டுக்குப் போவதற்குள் மருமகள் பழிவாங்கிய கதை கடைசிக் கட்டில் வரை போயிருந்தது. தாதி ஊசித் தட்டோடு நிற்கிறார், மாமியார் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"எனக்கு ஊசி வாணாம். கலியாணத்துல நடந்தத எல்லாம் மனசுல வச்சிக்கிட்டு எழுதியிருக்கா. அவளுக்கே போடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தைவிடப் பயம் அதிகம். அவருடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தட்டைப் படம் பிடித்து வைத்திருந்தேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தப் பொட்டெல்லாம் மருந்து, அத்தை. சுத்தி மங்கலா படந்திருக்கிறது ஒங்க கிருமி. இது நீங்க பாமசியில வாங்குற மாத்திர. பாருங்க, ஒட்டிக்கிட்டே வளந்திருக்கு. இது வேற மாத்திர, பத்தாது. இது அந்த ஊசி."

போனை வாங்கித் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒவ்வொரு பொட்டின் மீதும் விரலை வைத்துக்கொண்டே வந்து, பெரிய வட்டத்தில் நிறுத்தினார்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் அத்தை."

வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "இதையும் பாதியில விட்டா?"

பெரிய வட்டத்தில் நின்ற அவர் விரலைப் பிடித்து, கிருமி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்த பாமசி மாத்திரையின் பொட்டில் வைத்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தாதியிடம் நீட்டினார்.