கண்ணாடி கை மாறும் வரை

"சிஸ்டம் ஒத்துக்காது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். கரண்ட் ஆபீஸில் சொன்னாலும் சரி, பேங்கில் சொன்னாலும் சரி. வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது, கழுத்து வேர்த்துவிடும். ஆனால் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேதான் வரிசையை விட்டு வெளியே வருவேன். யார் அந்த சிஸ்டம்? ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்த ஆள் யார்?

அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்திருக்கிறேன். மரியாதையான பையன்தான். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு உலை மேடையில் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைவிட நல்ல வேலை அந்தப் பக்கத்தில் கிடையாது. காண்டிராக்டில்தான் இருந்தோம். ஆனாலும் உலைக்காரன் என்றால் கேட்டில் வாட்ச்மேன்கூட ஒரு பேச்சு பேசிவிட்டுத்தான் உள்ளே விடுவான்.

உருகுகிற இரும்பை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கம்பெனி ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தது. அவை போக, எங்கள் மேடையில் மரச்சட்டம் போட்ட பழைய கண்ணாடி ஒன்று இருந்தது, சட்டம் ஒரு பக்கம் கருகியது. ஷிப்ட் முடிகிறவன் அதை அடுத்து வருகிறவன் கையில் கொடுப்பான். வாங்கினவன் அது வழியாக உலைக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டுவான். அப்புறம்தான் முதல் ஆள் படி இறங்கலாம். சங்கு ஊதிவிட்டது என்பதற்காக எங்களுக்கு ஷிப்ட் முடியாது. கண்ணாடி கை மாறினால்தான் முடியும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆளில்லாத உலை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்த யாரோ, எங்களுக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது.

நான் காலை ஷிப்ட் பார்க்கும்போது மத்தியானம் என்னிடம் கண்ணாடி வாங்குகிறவர் பழவேற்காட்டுக்காரர், ஒரு பாய். ஷிப்ட் மாறினாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர்தான் வருவோம். அவருடைய அண்ணன் தம்பிகள் பொன்னேரிக் கடைத்தெருவில் வியாபாரம் செய்தார்கள். இவருக்கு மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி வருவார். அந்த லைனில் ஆந்திரா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் வந்தால் எங்கள் ரயிலை ஓரம் கட்டிவிடுவார்கள். கவரைப்பேட்டையில் நிறுத்தினால் எப்போது எடுப்பார்கள் என்று டிரைவருக்கே தெரியாது.

நேரம் கழித்து வரும் நாளில் படி ஏறும்போதே பாய் குரல் கொடுப்பார்.

"இன்னா நைனா, இரும்பு உருகிச்சா, நீ உருகினியா?"

"வண்டி இன்னா ஆச்சு பாய்?"

"எக்ஸ்பிரசுக்கு வழி உட்டு உட்டு நம்ம வண்டிக்குக் காலே மரத்துப் பூடுச்சு."

அவ்வளவுதான். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். இன்னொரு நாள் அவர் சீக்கிரம் வந்து என்னை அனுப்பிவிடுவார். யாரும் நிமிஷக் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் சேர்ந்து நிற்போம். அவர் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. ஆனால் கூடப் பிறந்தவர்களிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

அப்போதுதான் கம்பெனிக்கு சாப்ட்வேர் வந்தது. கேட்டில் மூன்று கம்பி வைத்த சுழல் கதவு. கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரிந்து கம்பி சுழலும். அதற்கான சாப்ட்வேரை எழுதுவதற்குச் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்து, வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் நான் முதலில் சொன்ன பையன். கூட ஒருவன், ஒரு பெண். அவர்களுக்கு 'யூசர்', அதாவது அதைப் பயன்படுத்தப்போகிற ஆள், ஒருத்தர் வேண்டுமாம். உலை மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏசி அறையில், எண்ணெய் பிசுக்குப் பேண்டோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

ஷிப்ட் எப்போது முடியும் என்று தலைவன் கேட்டான். கண்ணாடி கொடுத்தால் முடியும் என்றேன். அவன் சிரித்தான்.

"அண்ணா, டைம் சொல்லுங்கண்ணா."

இரண்டு மணி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அந்தப் பெண் மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

மறுநாள் அந்தப் பெண் தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டோடு மேடைக்கே ஏறி வந்துவிட்டது. சூட்டில் முகம் சிவந்துபோனது. கண்ணாடியை வாங்கி உலைக்குள் பார்த்தது. என் ஆள் வராவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டது. வருகிற வரைக்கும் நிற்பேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டது. வருகிற வரைக்கும் என்றேன். கண்ணாடியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனது.

அந்த வாரமே கம்ப்யூட்டரில் எனக்கு ஒன்றைக் காட்டியது. என் பெயரும் பாய் பெயரும் ஒரே கட்டத்துக்குள் ஜோடியாக இருந்தன. அவர் பிந்தி வந்தால் அந்த நேரம் என் பக்கம் ஏறும். அவர் அதை ஈடு கட்டினால் இறங்கும். பிந்தி வந்தாலும் கேட் அவரை உள்ளே விட்டுவிடும். எனக்கே புரிந்தது. பாயிடம் சொன்னபோது, "நம்ம கதை கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சு, அடுத்து சினிமாதான்" என்றார்.

கேட் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்க வரச் சொன்னார்கள். போனேன். அந்தக் கட்டத்தைக் காணவில்லை. என் வாழ்க்கையில் நானாகக் கேள்வி கேட்டது அபூர்வம், அன்றைக்குக் கேட்டேன். தலைவன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான்.

"அது ஸ்கோப்ல இல்லண்ணா. உங்க மேனேஜ்மெண்ட் கேட்ட லிஸ்ட்ல அது கிடையாது. லேட்டா வந்தா கேட் திறக்கக் கூடாது, அவ்ளோதான். இப்ப சிஸ்டம் ஒத்துக்காது."

முந்தின வாரம் ஒத்துக்கொண்டதே. இவன் எடுத்ததால்தானே ஒத்துக்கொள்ளவில்லை? நான் எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே? அந்த வார்த்தை எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். செய்கிறவன் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அந்தப் பெண்ணே வந்து பேசியது. தன்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்களாம், திங்கட்கிழமையிலிருந்து இங்கே வராதாம். எழுதியதை அடுத்து வருகிறவருக்கு எப்படி மேடம் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு மெயில் போட்டாயிற்று என்றது. தினமும் இருட்டும் வரை உட்கார்ந்து வேலை செய்தாலும் அவர்கள் கம்பெனிக் கம்ப்யூட்டரில் எட்டு மணி நேரம் என்றுதான் போட வேண்டுமாம். அதற்கு மேல் போட்டால் சிவப்புக் கோடு வருமாம்.

"எங்க சிஸ்டமும் ஒத்துக்காதுண்ணா" என்று சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு படித்து, இப்படிக் கார்டு மாட்டிக்கொண்டு, செய்த வேலையைச் செய்தேன் என்று சொல்ல முடியாத இடத்தில் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் கழுத்தில் போட்ட கயிற்றையே முடிச்சு மாறாமல் எங்கள் கழுத்திலும் போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தக் கயிற்றை எடுத்து எறி என்று அவர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தப் பெண் உட்பட. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

கேட் ஓட ஆரம்பித்தது. ஷிப்ட் தொடங்கி கால் மணி நேரம் தாண்டினால் சிவப்பு விளக்குதான். அன்றைக்கு ஆப்சென்ட். ஒரு மாதத்தில் மூன்று ஆப்சென்ட் ஆனால் காண்டிராக்ட் ஆள் பெயர் தானாகவே எடுபட்டுவிடும். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

அந்த மாதமே பாய்க்கு இரண்டு விழுந்துவிட்டது. இரண்டும் ரயிலால். இரண்டு தடவையும் அவர் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் அவருடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தேன். இறங்கும்போது படி எது தரை எது என்று தெரியவில்லை. என் கார்டு ஏன் இவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று டைம் ஆபீஸில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

பாய் முதல் தடவையாக விளையாட்டை விட்டுவிட்டுப் பேசினார். "இந்த வயசுல வேற எவன் என்னிய உலையில ஏத்துவான் சொல்லு. அண்ணன் கடையில குந்திகினு பொட்டலம் மடிக்கணும். அதுக்கு இங்கியே உழுந்துடலாம் நைனா." அதற்குப் பிறகு ஒரு ரயில் முன்னாலேயே வந்து, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பார்.

மாதக் கடைசியில் அதுவும் உதவவில்லை. கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் சிக்னல் பழுது, எல்லா வண்டியும் நின்றுவிட்டது. சங்கு ஊதி வெகு நேரமாகியும் பாய் வரவில்லை. டீ கொண்டுவந்தவர்தான் சொன்னார், பாய் கேட்டில் நிற்கிறார், விளக்கு சிவப்பு என்று.

நான் உலைக்குப் போகிற கரண்டைக் குறைத்துவைத்தேன். இரும்பு போட வேண்டாம் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு படி இறங்கி, வெயிலில் கேட் வரைக்கும் நடந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று யோசித்த மாதிரி ஞாபகம் இல்லை. ஆள் வந்துவிட்டார், அவர் கையில் கண்ணாடி கொடுக்க வேண்டும். எங்கள் வேலையில் அடுத்து செய்கிற காரியம் அதுதான்.

பாய் கம்பிக்கு அந்தப் பக்கம் கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பிக்கு மேலாகக் கண்ணாடியை நீட்டினேன். வாங்கினார். பழக்கம் விடவில்லை, அதைக் கண்ணுக்கு வைத்து உலைக்கூடம் பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "மேல யாருய்யா இருக்கிறது?"

"கண்ணாடி யாருகிட்ட இருக்குதோ அவருதான் சார்."

"அது எங்க?"

"வெளிய நிக்குது."

அத்தனை பேர் எதிரில் நான் அப்படிப் பேசினேன். கழுத்து வேர்க்கவில்லை. சூப்பர்வைசர் டைம் ஆபீசருக்குப் போன் போட்டார். ஆபீசர் வந்தார், சிஸ்டம் ஒத்துக்காது என்றார். உலை கெட்டுப்போனால் முதலாளிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் என்று சூப்பர்வைசர் கத்தினார். ஆபீசர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய கார்டை எடுத்துத் தேய்த்தார். பச்சை விளக்கு. கம்பி சுழன்றது.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அந்தக் கார்டுக்கு எந்த நேரத்திலும் கேட் திறக்குமாம். ஆபீசருக்கு ஒரு வழி வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அந்தப் பையன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அது ஸ்கோப்பில் இருந்திருக்கிறது.

பாய் மேடை ஏறி அன்றைய இரும்பை உருக்கி ஊற்றிவிட்டுத்தான் போனார். மறுநாள் கம்ப்யூட்டரில் அவர் ஆப்சென்ட். அவர் கார்டு பச்சை வாங்கவில்லை அல்லவா. மூன்றாவது. பெயர் தானாக எடுபட்டுவிட்டது.

டைம் ஆபீஸுக்கு நானே போனேன். "நீங்கதான சார் கேட்டைத் தொறந்து உட்டீங்க?" என்று ஆபீசரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். ஆனால் கம்ப்யூட்டரில் வரவில்லையே என்றார். அவரே சென்னைக்குப் போன் போட்டார். அந்தப் பையன்தான் பேசினான். லாகில், அதாவது கேட் பதிவில், ஆள் வந்ததாகவே இல்லை, பழைய பதிவை மாற்றுவதற்குப் புதிதாக அனுமதி வாங்க வேண்டும் என்றான். சூப்பர்வைசர் பார்த்தார், வாட்ச்மேன் பார்த்தார், கேட்டைத் திறந்தவரே எதிரில் இருந்தார். ஊற்றிய இரும்பு கூடத்தில் கிடந்தது. இத்தனையும் போதவில்லை. அனுமதி யாரும் கேட்கவும் இல்லை.

பாய் கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று நான் கேட்டுக்கு ஓடினேன். எனக்குத்தான் பேச்சு வராதே. அவர்தான் பேசினார். "கடையில ஏசி போடச் சொல்லியிருக்கேன் நைனா, உலை மாதிரியே இருக்கக் கூடாது" என்றார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். நல்ல வேலைக்காரர்தான். அவருக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: கார்டைத் தேய்த்தால் ஷிப்ட் ஆரம்பம், சங்கு ஊதினால் முடிவு. நேரத்துக்குத் தேய்க்காவிட்டால் அவரிடமும் விளக்கம் கேட்பார்கள். கண்ணாடி விஷயத்தை நான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் யாருக்கும் காத்திருக்க அவருக்குப் பயம்.

ஷிப்ட் மாறி நான் அவரிடமிருந்து கண்ணாடி வாங்க வேண்டிய ஒரு நாள். கார்டைத் தேய்த்து, பச்சை விளக்கைப் பார்த்து, உள்ளே வந்து படி ஏறினேன். வழியில் எனக்கு எதிரே அவர் கை கழுவிவிட்டு இறங்கிப் போனார். மேடையில் ஒருவரும் இல்லை, இரும்பு போடுகிறவர்களும் சங்குக்கே இறங்கிவிட்டார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி ஆணியில் தொங்கியது. கீழே கம்ப்யூட்டரில் அவரும் சரியாக வெளியே போயிருந்தார், நானும் சரியாக உள்ளே வந்திருந்தேன்.