இரண்டாவது பச்சையம்மாள்

பாண்டுரங்கன் கண்ணில் ஒரு பேர் இரண்டு தரம் பட்டால் தப்பவே தப்பாது. கல்யாணப் பத்திரிகைக்கு யாராவது பட்டியல் போட்டால்கூட, "வளவனூர் மாமாவ மேலயே எழுதியாச்சே" என்று விரலை வைத்துவிடுவார். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சர் வண்டி பிடித்துப் போய், ஒரு பண்டகசாலையில் அரிசிக் கார்டுப் பதிவேடு எழுதிவந்தார். எந்தப் பண்டகசாலை என்று கேட்காதீர்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அரிசிக்கு ஜனம் ஆலாய்ப் பறந்தது. பண்டகசாலைச் செயலாளர் சக்கரபாணிக்கு ஒரே பேஜாரு. "ஊர்ல இருக்கிற தலையவிட நம்மகிட்ட கார்டு ஜாஸ்தியா இருக்குதுய்யா! ரெண்டு தரம் ஏறின பேரையெல்லாம் ஜல்தியா அடிச்சுத் தள்ளு. ஆனா ஒண்ணு, ஊருக்குப் போயி நேர்ல விசாரிச்சுட்டு அடி" என்றார்.

பாண்டுரங்கன் ஒரு கார்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். பேர், புருஷன் அல்லது தகப்பன் பேர், ஊர், கதவு எண். ஊர் ஊராகப் பிரித்து, வரிசையாக அடுக்கினார். நாலும் ஒத்துப்போகிற சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்தன. முதலில் ஏறிய கார்டு நிற்கும், பின்னால் ஏறியதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியது. போய்ப் பார்த்த ஊர்களில் எல்லாமே திருட்டுக் கார்டுதான். கடைசியாக, கிளியனூர்ச் சாலையில் நாலு மைலிலிருந்த ஒரு ஊர் பாக்கி. அன்றைக்குப் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. அங்கே மட்டும் என்ன, தர்மராஜாக்களா இருக்கப்போகிறார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடித்தார். ஓரத்தில் 'நேரில் விசாரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த ஊரில் அவர் அடித்தது ஒரே ஒரு வரி. பச்சையம்மாள், விருத்தாசலத்தின் மனைவி.

செவ்வாய்க்கிழமை அரிசி போடும் நாள். நாற்பது வயசுப் பெண் ஒருத்தி கார்டை நீட்டினாள்.

"உன் பேரு ரெண்டு எடத்துல இருக்குதும்மா. ஒண்ண அடிச்சாச்சு."

"ரெண்டு பேரு இருக்கோம், ரெண்டு எடத்துலதாங்க இருக்கும்" என்றாள் அவள். "எங்க பெரியப்பா மகளுக்கும் எனக்கும் கொலதெய்வம் பச்சைவாழியம்மன் பேருதாங்க வச்சாங்க. அக்காவுக்குக் கொழந்த இல்லன்னு அவங்க வூட்டுக்காரருக்கே என்னையும் ரெண்டாந்தாரமாக் குடுத்தாங்க. எனக்கும் தங்கல. அவரு போயிச் சேந்துட்டாரு. ஒரே வூடுதான், அடுப்பு மட்டும் தனிங்க ஐயா."

பாண்டுரங்கனுக்கு அவள் சொன்னது சத்தியம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒரு வரியைத் திருப்பி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எழுதினால், விசாரித்தேன் என்ற கையெழுத்து பொய்யாகிவிடும், வேலை போய்விடும். பாவி மனுஷன், "அடுத்த வாரம் வாம்மா, பாக்கலாம்" என்றார்.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஏசவில்லை, அழவில்லை, ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் சாயங்காலம் வரை நின்றுவிட்டுப் போனாள். நாலாவது செவ்வாய் வரவில்லை. அதுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. வரிசையில் அவள் வயசுப் பெண் யாரைப் பார்த்தாலும் திக்கென்றது. ரயிலில் எதிர்ப் பலகையில் யாராவது உற்றுப் பார்த்தால் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். "சோத்தப் பாத்தா பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்களே, என்னாங்க ஆச்சு உங்களுக்கு?" என்று வீட்டுக்காரி கெங்கம்மாள் கேட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்புறம் பதிவேட்டைப் பார்த்தார். மூத்தவள் கார்டிலும் இரண்டு வாரமாக அரிசி வாங்கவில்லை.

வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனத்தில் இறங்கி அந்த ஊருக்கு நடந்தார். வீட்டு வாசலில் இளையவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இரண்டு அடுப்பு தெரிந்தது. ஒன்று சாம்பல்கூட இல்லாமல் வழித்துக் கிடந்தது.

"அக்கா எங்கம்மா?"

"போயிட்டாங்க ஐயா. பதினாறு நாளாச்சு. ஒரு கார்டு அரிசிய எனக்கு ஆக்கிப் போட்டுட்டு, எனக்குப் பசிக்கல, நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. காய்ச்சல் கண்டுது. ஒடம்புல ஒண்ணுமில்ல, தாங்கல."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் உள்ளே ஓடி, அக்காவின் கார்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இதையும் அடிக்கத்தான் வந்தீங்களா? வேணாங்க ஐயா, உங்க கால்ல வுழறேன். நீங்க எழுதினபடியே இப்ப ஒருத்திதாங்க இருக்கேன். பேரும் அதேதானே. இது இருந்துட்டுப் போவட்டுங்க."

உண்மையைச் சொல்ல வந்த பாண்டுரங்கன், "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார். திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. இனிமேல் அந்தப் பதிவேட்டில் எவன் வந்து பார்த்தாலும் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. சாலையோரம் குந்தி வாந்தி எடுத்தார்.

அதன்பின் மூன்று வருஷம் அந்த வேலையிலேயே இருந்தார். செவ்வாய்தோறும் "பச்சையம்மாள்" என்று கூப்பிடுவார். அவள் கம்பியருகே வருவாள். அவர் கண் அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் போகும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள். "யாரத் தேடுறீங்க ஐயா?"

"யாருமில்லம்மா."

"நானும் ஒவ்வொரு வாட்டியும் திரும்பிப் பாக்கறேங்க" என்றாள் அவள், பையை விரித்துப் பிடித்துக்கொண்டு. "நீங்க கூப்புடறது எங்க அக்காவத்தானே."