மூடிய கை

நோரா கில்மார்ட்டின் பேரம் பேச வருகிறாள் என்றால், அயர்லாந்தின் மேற்குக் கரைச் சந்தைகளில் வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கணவன் மறைந்த பின் குத்தகை நிலத்தைத் தனியாளாக உழுதவள். நினைத்தது படியாமல் எவருக்கும் கை கொடுத்தவள் அல்லள். அங்கே உள்ளங்கையோடு உள்ளங்கை அறைந்தால் பேரம் முடிந்தது. அதன்பின் பேச்சை மாற்றியவனோடு ஊரில் எவரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அக்டோபர் சந்தைக்கு அவள் குத்தகையை இழந்து வந்திருந்தாள். மறுநாள் நகரத்தில் தம்பி வீட்டு மாடியறைக்குக் குடிபோக வேண்டும். கையில் இரண்டு குதிரைகள். ஒன்று சாம்பல் நிறப் பெண்குதிரை. மற்றது, அந்தப் பெண்குதிரையின் தலைக்கயிற்றில் கட்டிய மணியின் ஓசையைக் கேட்டே நடக்கும் கிழட்டுக் குருட்டுக் குதிரை. முன்னதை வாங்க ஆள் வரும். பின்னதற்காகச் சந்தை வாசலில், வேலைக்காகாத குதிரைகளை அறுத்துத் தோலுரிக்கக் கொண்டுபோகும் தோல்கிடங்கு வண்டி காத்து நின்றது.

டோனல் ஹெஃபர்னன் வந்தான். உழவுக்குதிரை செத்து, விதைப்பு தடைப்பட்டிருந்த விவசாயி. பெண்குதிரையின் பல்லைப் பார்த்தான், குளம்பைத் தூக்கிப் பார்த்தான். தரகன் பேட்சி நடுவே நின்று ஒருவழியாக விலையை இணக்கினான். டோனல் சந்தை வழக்கப்படி உள்ளங்கையில் துப்பி நீட்டினான். பேட்சி நோராவின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். அவள் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ரெண்டையும் ஓட்டிட்டுப் போறதா இருந்தா கை விரியும்" என்றாள்.

"குருட்டுக் குதிரைய வச்சு நான் என்ன பண்ண? மடியில போட்டுத் தாலாட்டவா?" என்றான் டோனல்.

கூட்டம் சிரித்தது. அவன் திரும்பி நடந்தான். வாசலில் தோல்கிடங்குக்காரன் வண்டியின் பின்பலகையை இறக்குவது நோராவின் கண்ணில் பட்டது. ஆயினும் டோனலைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேரம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். பேட்சிதான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"அக்கா, நீங்க கொஞ்சம் எறங்குங்க, அவன் கொஞ்சம் ஏறட்டும்."

"விலையில எவ்வளவு வேணும்னாலும் எறங்குறேன். இதுல எறங்க மாட்டேன். கெழம் தானா சாகுற வரைக்கும் ரெண்டும் ஒரே கொல்லையில மேயணும். எல்லாரும் கேக்கச் சொல்லிட்டுக் கைய அடி."

டோனல் பெண்குதிரையை இன்னொரு முறை சுற்றிவந்து பார்த்தான். பிறகு பாதி விலை சொன்னான். பேட்சி முகம் சுளித்தான். நோரா தலையசைத்தாள். டோனல் நிபந்தனையை உரக்கச் சொன்னான். அவள் கை விரிந்தது. அறைந்த ஓசை வாசல் வரை கேட்டது.

விற்றவர் தலைக்கயிற்றை அவிழ்த்து எடுத்துப் போவது அங்கே வழக்கம். நோரா பெண்குதிரையின் கயிற்றை மணியோடு விட்டுவிட்டாள்.

"பாதி விலைக்கு வாங்கியும் நாந்தான் தோத்தேன்" என்று பேட்சியிடம் முணுமுணுத்தபடி டோனல் கயிற்றைப் பிடித்தான். மணியோசை முன்னே போயிற்று; கிழம் அதன் பின்னே, தோல்கிடங்கு வண்டியைத் தாண்டி நடந்தது.