இடது பக்கத்துப் படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் காருக்குப் பரேடு நடக்கும். நடத்துகிறவர் என் கணவர். பட்டாளத்தில் இருக்கிறார். வடக்கே எங்கோ பனிக்குள் உட்கார்ந்துகொண்டு, இங்கே ராஜபாளையத்தில் நிற்கிற எங்கள் சின்ன நீலக் காரை முன்னால், பின்னால், வலது, இடது என்று நாலு படம் எடுத்து அனுப்பச் சொல்வார். அனுப்பினால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். "கண்ணாடிக்குக் கீழ காக்கா எச்சம் இருக்கு பாரு, தொடைக்கலையா?" என்பார். என் முகத்தை ஒருநாளாவது இப்படிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்ட வரும். காரை ஓட்டுகிறவர் என் மாமனார். முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டியவர். அத்தை இறந்தபிறகு வீட்டில் நானும் அவரும்தான். அத்தை போனதிலிருந்து மாமா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் என் கணவர் லீவில் வந்தபோது காரை வாங்கி, சாவியை அப்பா கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஒரு கீறல் விழுந்துச்சு, சாவிய இவகிட்ட குடுத்துரணும், பாத்துக்கோங்க" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மனிதர் எழுந்துவிட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வத்திராயிருப்பில் மாங்காய் வாங்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சிநேகிதரைப் பார்க்க என்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துக் கிளம்புவார். ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்து பால்கோவா பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். கண் மட்டும் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். காரின் இடது பக்கத்தில், முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரைக்கும் நீளமாக ஒரு கோடு. பெயிண்ட் உரிந்து வெள்ளை தெரிந்தது.

"சிநேகிதன் வீட்டுச் சந்துல ஒரு கல்லு நின்னுச்சு தாயி. எந்தப் பய நட்டு வச்சானோ" என்றார்.

அந்தக் கல்லை எனக்கும் தெரியும். இடுப்பு உயரம், சுண்ணாம்பு அடித்த கல். மாமா அந்தச் சந்துக்குள் நூறு தடவையாவது போயிருப்பார்.

"எம்மவன்ட்ட சொல்லிராத தாயி. சாவியப் புடுங்கிட்டான்னா பொறவு நான் என்னத்தப் பண்ண?"

முப்பது வருஷம் அடுத்தவர்களை அதட்டிய குரல் என்னிடம் கெஞ்சியது. "சொல்ல மாட்டேன் மாமா, போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். வாரா வாரம் மூன்று படம் புதிதாக எடுப்பேன். இடது பக்கத்துக்குப் போனில் இருக்கிற பழைய படத்தை அனுப்புவேன். பழைய படத்தில் காரைச் சுற்றி அன்றைக்குப் போட்ட கோலம் தெரிந்தது. அதனால் மற்ற மூன்று படமும் அதோடு ஒத்துப்போக, ஒவ்வொரு ஞாயிறும் அதே கோலத்தைப் புள்ளி பிசகாமல் போட்டேன். பட்டாளத்துக்காரர் கண்ணுக்குக் காக்கா எச்சம் தெரிந்தது, இது தெரியவில்லை. "அப்பா நல்லா வச்சிருக்காங்க" என்று சந்தோஷப்பட்டார். அதைக் கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நானும் மாமாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பினோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெண், பிள்ளையைக் கையில் பிடித்தபடி ரோட்டின் நடுவில் நின்று அந்தப்பக்கம் போகக் காத்திருந்தாள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். மாமாவும் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். கார் வேகம் குறையவே இல்லை.

"மாமா, ஆளு! ஆளு!" என்று கத்தினேன். பிரேக் அடித்தார். கார் நின்றபோது அந்தப் பிள்ளையின் தலை பானெட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் பிள்ளையை அள்ளிக்கொண்டு, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று வைத வசவு இன்னும் என் காதில் இருக்கிறது.

"குறுக்க வந்து விழுதா பாரு, கூறுகெட்டவ" என்றார் மாமா. பிறகு, "வெயிலு கண்ணக் கூசுது" என்றார். அன்றைக்கு வெயிலே இல்லை. மலைப்பக்கம் கறுத்துச் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, "கண்ணு டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வருவோம் மாமா" என்றேன். "ஜீப்பு ஓட்டுனவன்ட்ட வந்து கண்ணப் பத்திப் பேசாத" என்று எழுந்து போனவர் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, என்மேலும்தான். பொய்ப் படம் அனுப்புகிறவள் நான்தானே. நாளைக்கு ஒரு பிள்ளை அடிபட்டால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. இருந்தும் அடுத்த ஞாயிறும் அதே கோலத்தைப் போட்டேன். பழைய படத்தைத்தான் அனுப்பினேன்.

இதற்கிடையில் மாமா ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து பித்தளை பாலிஷ் டப்பாவை எடுத்தார். பரேடுக்குப் போகும்போது பெல்ட் கொக்கியைப் பளபளப்பாக்குவதற்குப் போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற பாலிஷ். பக்கத்துத் தெருவில் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டில் போய்க் கழிவுத் துண்டு ஒரு பை வாங்கி வந்தார். விடிந்ததும் காரின் இடது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்ப்பார். "பெயிண்டுக்கு இத போடலாமா மாமா?" என்று ஒருதடவை கேட்டேன். "டி.எஸ்.பி. முகம் பாக்குற மாதிரி கொக்கி தொடச்ச கை தாயி இது" என்றார். தொலையட்டும், இதிலாவது சாந்தி கிடைக்கட்டும் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன ஞாயிறு நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மாமா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, காரின் இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு இந்தப் பக்கமும் எடு தாயி. பயப்படாம எடு. கோடு போயிருச்சு."

கோடு அப்படியே இருந்தது. பாலிஷில் இருந்த மணல் அதைச் சுற்றி இருந்த மினுமினுப்பையும் தின்றுவிட்டிருந்தது. ரெண்டு கதவும் சாம்பல் பூத்து, நடுவில் வெள்ளைக் கோடு. தெரு முனையில் நின்றாலே தெரியும்.

மாமா உள்ளங்கையை அந்தக் கோட்டின்மேல் வைத்து மெதுவாக ஓட்டினார். தேய்த்துத் தேய்த்து அதன் ஓரம் மழுங்கியிருந்தது. "எப்பிடி வழுவழுன்னு இருக்கு பாரு" என்றார். கையை நம்பினார். ஒரு சாண் தூரத்தில் இருந்ததைக் கண் பார்க்கவில்லை.

பழைய படம் போனில்தான் இருந்தது. கோலமும் காலடியில் தயாராக இருந்தது. அந்தப் பிள்ளையின் தலை நினைவுக்கு வந்தது. மாமா கதவில் ஒரு கையை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எடுத்தேன். அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. மாமா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "பாத்தியாலே? உங்கப்பன் கைவேல! எப்பிடி மினுங்குது?" பதிலுக்குக் காத்திருந்தார். "ஏலே... பேசுலே." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "லைனு சரியில்ல போல தாயி. ஒண்ணுமே கேக்கல."

காதில் வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு அது தெரியலையா?" என்றார்.

"தெரியலங்க."

"என்ன சொல்லுதான்? நல்லாருக்காமா?" என்று மாமா கேட்டார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதற்குத்தான் கையை நீட்டினேன். பாலிஷைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, முக்காலிமேல் திறந்திருந்த டப்பாவை மூடி, சிரித்தபடி என் கையில் வைத்தார்.