ஒன்பது புள்ளி மூன்று வோல்ட்

பேட்டரியில் ஒரு முறை, முன்விளக்கின் முதுகில் ஒரு முறை. மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்த பிறகுதான் ரூபேந்திரன் வாயைத் திறப்பான். அதற்குள் வந்தவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார்: விளக்கு மங்கலாக எரிகிறது, வயதாகிவிட்டது, கண்ணும் முன்போல் இல்லை. அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியாது. "உங்கள யாரும் கேக்கல பாஸ். வயரக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது சொல்லட்டும்" என்பான்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், பெக்கான் நானாஸ் என்ற சிற்றூரில், அன்னாசிக் கடைகளின் வரிசைக்குப் பின்னால் அவன் பட்டறை. பழைய கார்களுக்கு முன்விளக்கு மாற்றித் தருகிற வயர்மேன். நாற்பத்தொரு வயது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள், ஃபியூஸ் மாட்டிக்கொண்டிருப்பான். வயர் முனையில் பொருத்தும் பித்தளைக் கொக்கிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவதால், திட்டெல்லாம் பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். பல்பை மரியாதையாக "இவரு" என்பான். அதைத் தப்பாக மாட்டிக்கொண்டு வருகிறவனை அவன், இவன் என்றுதான் சொல்வான்.

இந்தக் கோபம் சாலையில் பிடித்தது. பதினோரு வருடம், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் எல்லையின் இரண்டாம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பஸ் டிப்போ வேலைக்குப் போய் வந்தவன். ஒருநாள் கெலாங் பாத்தா பக்கம் எதிரே வந்த கார் ஒன்று, வெள்ளை வெளேரென்று முகத்தில் அடித்தது. கண் தெரியாமல் கால்வாயில் இறங்கினான். இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாக மடங்காது. கண்ணைக் கூசவைக்கும் அந்த வெளிச்சத்துக்கு மலாயில் சிலாவ் என்று பெயர். அந்தச் சொல்லை அவன் கெட்ட வார்த்தை போலத்தான் உச்சரிப்பான்.

அதனால் பழைய விளக்குக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்ப் போட மாட்டான். அந்தக் கூடு பழைய பல்பின் இழை எரிகிற இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. வேறொன்றைச் செருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரே வருகிறவன் முகத்தில்தான் விழும் என்பது அவன் வாதம். கைப்பேசியில் விளம்பரப் படம் காட்ட வருகிறவர்களின் கைப்பேசியை வாங்கி, பானட்டின்மேல் குப்புறக் கவிழ்த்துவிடுவான். "எதிர்ல வர்றவன் பாத்து ஓட்டட்டும் லா" என்று ஒருவர் சொன்னார். அவரையே அவருடைய காரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அவருடைய விளக்கையே போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல்ப் அன்றைக்கே மாறியது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில், சாம்பல் நிற மோரிஸ் மைனர் ஒன்று வந்து நின்றது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட கார். ஓட்டி வந்த சுபத்திராவுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். சிங்கப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். கார் அவருடைய அப்பா தியாகராஜாவுடையது. லாபிஸில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். போன வாரம்தான் சுபத்திரா அந்தக் காரை முதல்முறையாக இருட்டில் ஓட்டினாராம். ரோடு சரியாகத் தெரியவில்லையாம். எல்.இ.டி. பல்ப் இரண்டை டப்பாவோடு பானட்டின்மேல் வைத்தார். இதை மட்டும் மாட்டிவிட்டால் போதும், வேறொன்றும் பார்க்க வேண்டாம் என்றார்.

"தா போலே அக்கா" என்றான் ரூபேந்திரன். முடியாது என்று அர்த்தம். விளக்கைப் போட்டு, மீட்டரை வைத்தான். பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி நான்கு. விளக்கின் முதுகில் ஒன்பது புள்ளி மூன்று.

"மூணு வோல்ட்ட வழியிலயே தின்னுடுது" என்று ஆரம்பித்தான். அரை நூற்றாண்டு வயர், காலால் மிதித்து வெளிச்சத்தைத் தாழ்த்துகிற தரை சுவிட்ச், மழைக்கால ஈரச் செருப்பு, அதற்குள் பிடித்த களிம்பு. ஒன்பது வோல்ட்டில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, ஹாலஜன் பல்ப் போட்டால் இதே கூட்டில் ரோடு முழுக்கத் தெரியும். எல்.இ.டி. கரண்ட் குறைவாக இழுக்கும், கெட்ட வயரிலும் பளிச்சென்று எரியும். அதை மாட்டியிருந்தால் வயர் கெட்டிருந்ததே கடைசிவரை வெளியே வந்திருக்காது. சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் ஏறியது. இவ்வளவு மங்கலை வைத்துக்கொண்டு அப்பா ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்டான்.

சொன்னார் என்றார் சுபத்திரா. இரண்டு வருடமாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் கண்தான் என்றார்கள். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகும் விளக்குத்தான் மங்கல் என்றார். ஒரு சாயங்காலம் கேட் தூணில் உரசிவிட்டார். சாவியை வாங்கி வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அவர் கேட்டைத் தாண்டவில்லை. காலையில் துணியோடு போய் விளக்குக் கண்ணாடி இரண்டையும் துடைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். மறுபடி விளக்கைப் பற்றிப் பேசவேயில்லை.

ரூபேந்திரன் வாயிலிருந்த கொக்கிகளை உள்ளங்கையில் துப்பினான்.

"முப்பது வருசம் சிக்னல் வெளக்கப் பாத்த மனுசன் அக்கா. அவரு மங்குதுன்னா மங்குது. கண்ணு மேல பழியப் போட்டானுங்க, சாவியப் புடுங்குனானுங்க. ஒரு மீட்டரத் தூக்கி வச்சுப் பாக்க ஒருத்தனுக்கும் கை வரல. எந்த மடையன் அந்தச் சாவிய வாங்குனது?"

"நான்தான்" என்றார் சுபத்திரா.

அவர் பார்வை மீட்டரின்மேல் இருந்தது.

"என் வேலையே அளந்து பாக்கறதுதான், தம்பி. வீட்டுல மூணு மீட்டர் இருக்கு."

அவன் கோபம் தணியவில்லை. போக இடம் தெரியாமல் நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரைப் பற்றிப் பொய் சொல்லத் துணிந்தான். நாலு மாதமாக நின்ற வண்டி, ஓடாமல் கிடந்தால் வயர் திடீரென்று கெட்டுப்போவதும் உண்டு என்று இழுத்தான். சுபத்திரா குனிந்து விளக்கின் பின்பக்கம் பார்த்தார். "பச்சை பூத்துக் கெடக்கு. நாலு மாசத்துல பூக்கற பச்சையா இது?" என்றார்.

மீட்டரை அவன் கையிலிருந்து வாங்கி, தாமே வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். ஒன்பது புள்ளி மூன்று. மூன்றாவது தடவை ஒன்பது புள்ளி இரண்டு. எல்.இ.டி. டப்பாவை எடுத்துப் பின் இருக்கையில் போட்டார். திருப்புளி இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பட்டறையில் இன்னொருவர் கை வைத்து யாரும் பார்த்ததில்லை. ஏணிமேல் நின்று பல்ப் மாற்ற வந்த சொந்த மைத்துனனையே இறங்கச் சொன்னவன். இப்போது திருப்புளியை எடுத்துக் கொடுத்தான். சுபத்திரா கதவைத் திறந்து, காரின் தரையில் மல்லாந்து படுத்து, அப்பாவின் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த அந்தச் சுவிட்சைக் கழற்ற ஆரம்பித்தார். முதல் திருகு வந்தது. இரண்டாவது துருவேறி மறுத்தது. திருப்புளி வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது. மூச்சு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

ரூபேந்திரன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவோரம் குந்தினான். தலையை அன்னாசிக் கடைகளின் பக்கம் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் அவர் விரல்களைத் தாண்டி முகத்துக்கு ஏறாதபடி, தாழ்த்திப் பிடித்தான்.